"அவரவர் ரசனை" என்று எழுந்து போகிறவர்கள்

பாட்டைப் பற்றிய வாக்குவாதம் சூடுபிடித்து, ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற இடத்துக்கு வந்து நிற்கும்போது, தப்பித்துப் போக ஒரு வாசல் எப்போதும் திறந்திருக்கிறது. "விடுங்க, அவரவர் ரசனை." சொல்லியாயிற்று. பேச்சு முடிந்தது, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, வண்டியை எடுக்கலாம். எனக்கு இந்தப் பேச்சின்மேல் பழைய பகை. அதிலும் இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்க மதத்துலயே அதானே நயினாரே சொல்லுது, அனேகாந்தம்னு?" என்று என்னையும் துணைக்கு இழுக்கும்போது பகை இரண்டு மடங்காகிறது. எங்கள் மதம் அப்படிச் சொல்லவில்லை. நேர் எதிராகச் சொல்கிறது என்பது என் கட்சி. டீக்கடையில் அதை முழுதாகச் சொல்ல விடுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் செஞ்சிக்காரன். தமிழ்ச் சமணன். இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்களை நயினார் என்பார்கள். மேல்சித்தாமூர் மடமும் பார்சுவநாதர் கோயிலும் எங்களுக்குக் கூப்பிடு தூரம். கேசட் காலத்தில் காந்தி பஜார் பக்கம் பாட்டுப் பதிவுக் கடை வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு வருகிறவர்கள் காலையில் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆடு விற்றோ விற்காமலோ திரும்பும்போது கேசட் தயாராக இருக்க வேண்டும். அந்தச் சீட்டுகளைப் போல மனிதர்களைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகம் வேறு இல்லை. ஒரே தொண்ணூறு நிமிஷ டேப்பில் ஏ பக்கம் நாகூர் ஹனிபா, பி பக்கம் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், மிச்சம் இருக்கிற இடத்தில் இளையராஜாவின் சோகப்பாட்டு. கொடுத்தவர் நெற்றியில் நாமம் இருக்கும். இப்போது அதே கடையில் போன் உறையும் சார்ஜரும் விற்கிறேன்.

மாலையில் திருவண்ணாமலை சாலையில் ஒரு டீக்கடை. புலவர் ஐயா வருவார்; ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தேவாரம் பாடாமல் சாப்பிட மாட்டார். டயர் கடை பாய் வருவார். கூத்து வாத்தியார், முகவீணை ஊதுகிறவர், கூத்து இல்லாத நாளில் வருவார். மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் வந்து, எங்கள் எல்லோரையும்விடக் கூர்மையாகப் பேசிவிட்டுப் போவாள். சமீபத்தில் யார் என்ன ஆல்பம் கேட்டார்கள், எப்படி இருந்தது என்பதுதான் பேச்சு. பொழுது சாய்ந்தபின் நான் எதுவும் வாயில் போடுவதில்லை. கையில் கிளாஸ் இல்லாமல் உட்கார்ந்திருப்பவன் நான் ஒருவன்தான். வாய் சும்மா இருப்பதால் பேச்சு என்னிடம் கொஞ்சம் அதிகம்.

அந்தப் பெண் அண்மையில் இளையராஜாவின் 'திருவாசக'த்தை முதன்முறையாக முழுதும் கேட்டுவிட்டு வந்தாள். 2005இல் வந்த ஆல்பம். மாணிக்கவாசகரின் சைவப் பாட்டு. தயாரிப்புக்குப் பின்னால் நின்றவர் ஜெகத் கஸ்பர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். வாசித்தது ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. நடுவில் வரும் ஆங்கில வரிகளில் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்ஸின் கை இருக்கிறது. வெளிவந்த வருஷம் எங்கள் ஊரில் இதைப் பற்றி நடந்த சண்டை இன்னும் ஆறவில்லை. புலவர் ஐயாவுக்கு ஆல்பம் பிடிக்கவில்லை. ஓதுவார் குரல் இல்லாமல், ஆங்கிலத்தை நடுவில் நுழைத்து, கோரஸ் வைத்துத் திருவாசகமா என்று அன்றைக்குக் கேட்டார், இன்றைக்கும் கேட்கிறார். எனக்கோ, 'பொல்லா வினையேன்' என்று தொடங்கும் பகுதியில், உயிர் புல்லிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பிறவியாக ஏறி வரும் இடத்தைக் கேட்டபோது கண் நிறைந்துவிட்டது.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். சைவர் வேண்டாம் என்கிறார், சமணன் அழுகிறான்.

ஏன் அழுதேன் என்று எனக்குத் தெரியும். வினையும் பிறவிச் சுழலும் என் வீட்டுச் சரக்கு. புல், புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கைப்படி அடுக்கித்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கும். மார்கழி விடியலில் என் பாட்டி பாடியதும் திருவெம்பாவைதான். ஆனால் மாணிக்கவாசகருடையது அல்ல, அவிரோதியாழ்வார் அருகனைப் பாடிய திருவெம்பாவை. அப்படிப்பட்டவனுடைய காதில் அந்தப் பகுதி விழும்போது, சிவபுராணத்தின் சிவனை விட்டுவிட்டு வினையை மட்டும் என் மனம் எடுத்துக்கொண்டது. புலவர் ஐயாவுக்கு அதே இடத்தில் சிவன் இல்லாமல் போய்விட்டார். ஒரே இடம், ஒரே வாத்தியங்கள். அவர் இழந்ததைத்தான் நான் பெற்றேன்.

இங்கே "அவரவர் ரசனை" என்று எழுந்துவிட்டால், இந்த விஷயம் எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்காது. ஆங்கிலம் எந்த வரியில் நுழைகிறது, அது நுழையும்போது எது நின்றுபோகிறது என்று ஐயா விரல் வைத்துக் காட்டினார். அந்த இடத்தில் நான் தமிழைக் கேட்கவே இல்லை, அடியில் ஓடிய செல்லோக்களைத்தான் கேட்டேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கண்ட குறை குறைதான். நான் கண்ட நிறைவும் நிறைவுதான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிவதற்குத்தான் நயம் என்ற கருவியை எங்கள் தர்க்க நூல்கள் வைத்திருக்கின்றன. ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு என்று அனேகாந்தத்தைச் சொல்லி நிறுத்துவது பாதிப் பாடம். எந்தப் பக்கத்தில் நின்று, எந்த அளவில் சொல்கிறாய் என்பதையும் சொல்லி முடி என்பது மீதி. அந்தப் பக்கத்தில் நின்றால் உன் கூற்று உறுதியாக உண்மை; குழைய வேண்டியதில்லை. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது கூற்றே அல்ல. "ஓதுவார் பண்ணோடு கேட்டுப் பழகிய காதுக்கு, சொல்லின் பொருளை இசை தாங்க வேண்டும் என்ற கணக்கில், இந்த வரியில் இது தவறுகிறது" என்பது கூற்று. இதற்குப் பதில் சொல்லலாம், மறுக்கலாம், ஒத்துக்கொள்ளலாம். முதலாவதற்கு என்ன செய்ய முடியும்? தலையாட்டலாம்.

சப்தபங்கி என்று ஏழு படியாக ஒரு பொருளைப் பற்றிப் பேசும் முறை எங்களுக்கு உண்டு. ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் உண்டும் இல்லையும், அதற்குப் பிறகு நாலாவதாகத்தான் வருகிறது, சொல்லில் அடங்காது என்பது. இந்த வரிசையில் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை. இசையைப் பற்றிப் பேசும்போது நம் ஆட்கள் எடுத்த எடுப்பில் நாலாவதற்குத் தாவுகிறார்கள். "சொல்ல முடியாதுங்க, அனுபவிக்கணும்." உண்டு என்றும் சொல்லிப் பார்க்கவில்லை, இல்லை என்றும் சொல்லிப் பார்க்கவில்லை, அதற்குள் சொல்ல முடியாதா?

தேவாரத்துக்கு வருகிறேன். இதைத் தொடாமல் நான் இசையைப் பற்றி எழுதினால் அது நேர்மை ஆகாது.

தருமபுரம் சுவாமிநாதன் தேவாரப் பதிகங்களை முழுதாகப் பாடிப் பதிந்து வைத்திருக்கிறார். என் கணக்கில் தமிழில் பதிவான பெரும் இசைக் காரியங்களில் அது ஒன்று. குரலில் அலட்டலே கிடையாது, பண் தானாக நடந்து போகும். ஆனால் 'முழுதாக' என்பதில் எனக்கு ஒரு சங்கதி இருக்கிறது. கச்சேரியில் இரண்டு மூன்று பாட்டைப் பொறுக்கிப் பாடுவார்கள், பிரச்சினை இல்லை. முழுப் பதிகம் ஓடினால் பத்தாவது பாட்டு வரும். சம்பந்தர் பதிகங்களில் எட்டாவது பாட்டு இராவணனுக்கு, ஒன்பதாவது அடிமுடி தேடிய மாலுக்கும் அயனுக்கும், பத்தாவது எங்களுக்கு. எங்களுக்கும் பௌத்தருக்கும். பாராட்டு அல்ல. பதினொன்றாவதில் சம்பந்தர் தம் பெயரைச் சொல்லி முடிப்பார்.

கடையில் இந்தக் கேசட்டுகளை நான் எத்தனையோ பேருக்குப் பதிந்து கொடுத்திருக்கிறேன். பதியும்போது ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கும். புலவர் ஐயா கடையில் இருந்தால் பத்தாவது பாட்டு நெருங்கும்போது அவருக்கு உட்கார இருப்புக் கொள்ளாது. ஒருநாள் எழுந்து வந்து வேகமாக ஓட்டும் பொத்தானில் விரலை வைத்துவிட்டார். "தள்ளாதீங்க ஐயா" என்றேன். "இல்ல நயினார், உங்களுக்கு..." என்றார். "எனக்கு ஒண்ணும் ஆகாது. பதினோரு பாட்டுல ஒண்ணை எடுத்தா பதிகம் நொண்டும்" என்றேன்.

அது முழுப் பதில் இல்லை. பத்தாவது பாட்டு வரும்போது பண் மாறுவதில்லை. சம்பந்தரின் முதல் பதிகமே நட்டபாடை. ஒன்றாம் பாட்டில் இறைவனின் தோடும் வெண்மதியும் எந்தப் பண்ணில் வருகின்றனவோ, பத்தாம் பாட்டில் நாங்களும் அதே பண்ணில், அதே தாளத்தில் வருகிறோம். தான் யாரைப் புகழ்கிறோம், யாரை ஏசுகிறோம் என்பது பண்ணுக்குத் தெரியாது. அந்த நட்டபாடை என்னை ஏசும்போதும் என் தலை தானாக ஆடுகிறது. இதைப் பற்றி நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். கிறித்தவப் பெரியார் அகஸ்டின் சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன் இதற்கு ஒப்பான ஒரு பயத்தை எழுதி வைத்திருக்கிறார்: பாட்டின் பொருளைவிடப் பாடும் குரல் தன்னை அதிகம் இளக்கிவிட்டால் தான் பாவம் செய்தவனாகிறேன் என்று. அவருக்குப் பொருள் நல்லது, குரல் ஆபத்து. எனக்குத் தலைகீழ். குரல் நல்லது, பொருளில் நான் அடிபடுகிறேன்.

அதற்காக என் பக்கம் ஏதோ பால்குடி மாறாத பிள்ளைகள் என்று நினைத்துவிடக் கூடாது. 'நீலகேசி'யை எடுத்துப் பாருங்கள். எங்கள் ஆள் எழுதிய காப்பியம். பௌத்தர், வைதிகர், ஆசீவகர் என்று ஊர் ஊராகப் போய் எல்லோரையும் வாதில் மடக்குவதே அதில் கதை. நாங்களும் ஏசியிருக்கிறோம், கொஞ்சம் நீட்டிச் செய்யுளாக. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதைப் பெரியபுராணம் சொல்கிறது. சமண நூல்கள் எதிலும் அந்தச் செய்தி இல்லை. அந்தக் கணக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு: பத்தாவது பாட்டைத் தள்ளிவிட்டு "என்ன அருமையான ஆல்பம்" என்று ஐயாவும் நானும் கைகுலுக்கிக்கொண்டிருந்தால், அது பொய்யான சமாதானம். இசையாக அது குறைவில்லாதது. என் முன்னோர் மீதான பேச்சாக அது வசை. இரண்டும் ஒரே மூன்று நிமிடத்தில் நடக்கிறது. இப்படிச் சொல்லி முடித்தபிறகுதான் நாங்கள் இருவரும் ஒரே கேசட்டைக் கேட்டோம் என்று சொல்ல முடியும்.

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரி ஏறுவார்கள், கிருஷ்ணகிரி ஏறுவார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்துச் செஞ்சிக் கோட்டையையும் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியபிறகு கூட்டம் கூடியிருக்கிறது. திருநாதர்குன்றுக்கு யாரும் போவதில்லை. சிறுகடம்பூர்ப் பக்கம் ஒரு பாறைக் குன்று. உச்சிப் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பழங்கல்வெட்டு: சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட இடம் இது என்று. தமிழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் பழையவற்றுள் ஒன்று.

அந்தக் குன்றடியில் வளர்ந்தவனுக்கு ஒரு கேள்வி தவிர்க்க முடியாதது. ஐம்புலனையும் ஒவ்வொன்றாக அடைத்து முடித்த மனிதர் இருந்த ஊரில், நாங்கள் ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்து இந்த ஆல்பம் நன்றா அந்த ஆல்பம் நன்றா என்று பேசுகிறோம். சாத்திரப்படி வினை உயிருக்குள் வந்து ஒட்டுகிற வழிகளில் செவியும் ஒன்று. ஆனால் அதே சாத்திரத்தின் புலன் அடுக்கைப் பாருங்கள். புழுவுக்கு இரண்டு, எறும்புக்கு மூன்று, வண்டுக்கு நான்கு. வண்டு பார்க்கும், ஆனால் கேட்காது என்பது எங்கள் கணக்கு. செவி ஐந்தாவதாக, கடைசியாகக் கிடைக்கிறது. தொல்காப்பியரும் அந்த வரிசையில்தான் செவியை வைக்கிறார். எத்தனையோ பிறவி ஏறிவந்து கடைசியில் கிடைத்த புலன் விலங்கு பூட்டத்தானா?

எங்கள் புலவர்கள் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. திருத்தக்கதேவர் துறவி. துறவிகளுக்கு இன்பச்சுவை பாட வராது என்று யாரோ சொன்னதற்காகச் சீவகசிந்தாமணி பாடினார் என்பது வழிவழிக் கதை. அதில் காந்தருவதத்தையார் இலம்பகம் என்னைக் கேட்டால் தமிழின் முதல் இசை விமரிசனம். யாழில் தன்னை வெல்பவனுக்கே மாலை என்கிறாள் தத்தை. சீவகன் முன் யாழ்களை ஒவ்வொன்றாக நீட்டுகிறார்கள். அவன் வாசிக்கவே இல்லை, பார்த்தே தள்ளுகிறான். இந்த மரம் நீரில் நின்று இளகியது. இது வாள்வெட்டுப் பட்டது. இது இடி விழுந்தது. நரம்பைக் கொடுத்தால் முறுக்கைப் பிரித்து உள்ளே கிடக்கும் மயிரை எடுத்துக் காட்டுகிறான். பிடிக்கவில்லை என்று ஒரு யாழையும் அவன் சொல்லவில்லை. எங்கே, எதனால் என்கிறான். இப்படிக் கேட்கத் தெரிந்தவன்தான் கடைசி இலம்பகத்தில் அரசையும் எட்டு மனைவியரையும் விட்டு எழுந்து போகிறான். தெரியாததைத் துறப்பதில் என்ன இருக்கிறது?

அந்த நூலுக்கு நேர்ந்ததும் ஒரு ரசனைச் சண்டைதான். சோழ அரசன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தானாம். அமைச்சராக இருந்த சேக்கிழார், சமணப் பொய்ந்நூலைக் கேட்டது போதும் என்று சொல்லிச் சிவகதையைக் காட்ட, அதிலிருந்து பெரியபுராணம் பிறந்ததாம். சேக்கிழார் "அரசே, உங்கள் ரசனை" என்று பேசாமல் போயிருந்தால் தமிழுக்கு ஒரு காப்பியம் குறைந்திருக்கும். இதைச் சொன்னால் புலவர் ஐயாவுக்குச் சந்தோஷம். பின்னாளில் அந்தச் சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த சைவர் உ.வே.சாமிநாதையர் கும்பகோணத்தில் சமணர் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பாடம் கேட்டு 1887இல் அச்சிட்டார் என்று சொன்னால் எனக்குச் சந்தோஷம்.

பாய்க்கு ஹனிபாவைத் தவிர வேறு யாரும் பாடகர் இல்லை. அண்மையில் பழைய பதிவுகளைத் தொகுத்து யாரோ போனில் அனுப்பியிருந்ததைக் கேட்டுவிட்டு வந்தார். 'இறைவனிடம் கையேந்துங்கள்' எங்கள் ஊரில் எந்தச் சாதி மதத்துக் கல்யாணத்திலும் ஒலிக்கும் பாட்டு. அதில் பின்னால் வரும் வாத்தியங்கள் மெலிவு என்றேன். "வாத்தியத்தை யார் கேட்டா நயினாரே? எங்க பெரியவங்க சில பேரு வாத்தியமே கூடாதும்பாங்க. அந்தக் குரலு ஒண்ணு போதும்" என்றார். பிறகு அவரே, இமாம் கஸ்ஸாலி இசை கேட்பதைப் பற்றி எழுதியதாக ஒன்று சொன்னார்: உள்ளத்தில் இல்லாத எதையும் இசை கொண்டுவந்து வைப்பதில்லை, ஏற்கெனவே கிடப்பதைத்தான் அது கிளறிவிடுகிறது. எனக்கு இது எங்கள் ஆள் சொன்னது போலவே பட்டது. வினை உள்ளே இருக்கிறது. ஒலி அதை எழுப்புகிறது.

பாயைக் கோட்டைக்கு வருகிற வழிகாட்டிகள் ஔரங்கசீப் கதை சொல்லிச் சீண்டுவார்கள். ஔரங்கசீப்பின் படை 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையை வளைத்துக் கிடந்தது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். வழிகாட்டிகள் சொல்லும் கதை இது: ஔரங்கசீப் இசையைத் தடை செய்ததும் டெல்லிப் பாடகர்கள் பாடை கட்டி அழுதுகொண்டு போனார்களாம். என்ன இது என்று பாதுஷா கேட்க, இசை செத்துவிட்டது என்றார்களாம். நன்றாக ஆழமாகப் புதையுங்கள் என்றாராம். மனுச்சி என்ற இத்தாலியர் எழுதிவைத்த கதை. ஆனால் அந்த ஆட்சியில் இசை நூல்கள் பாரசீகத்தில் நிறைய எழுதப்பட்டிருக்கின்றன. பாதுஷாவே இசை ஞானம் உள்ளவர் என்கிறார்கள். முழுத் தடை நடந்ததாக ஆய்வாளர்கள் இன்று ஏற்பதில்லை. தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிய மனிதர் ஒருவர். ஊருக்கே வேண்டாம் என்று புதைத்ததாகக் கதை. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரியது.

மருந்துக்கடைப் பெண் இந்தத் துறவுப் பேச்சையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒருநாள் காஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாட்டைப் போட்டாள். பா. ரஞ்சித்தும் தென்மாவும் சேர்ந்து தொடங்கி, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய குழு. கானாவும் ராப்பும் பறையும். "சத்தம் அதிகமா இருக்கு, ஆனா அவரவர் ரசனை" என்று பெருந்தன்மையாகச் சொன்னார் ஒருவர். அவள் முகம் மாறியது. "பறைய சாவுக்கு மட்டும் கூப்பிட்டீங்களே, அது ரசனையா அங்கிள்? அது உத்தரவு. இப்ப மேடையில வந்து நிக்கும்போது ரசனைன்னு பேர் மாத்திச் சொல்றீங்க." யாரும் பேசவில்லை. எனக்குப் பதில் தோன்றாத இடங்களில் இது ஒன்று. எந்தப் பக்கத்தில் நின்று பேசுகிறாய் என்று நான் நயம் பேசிக்கொண்டிருந்தேன். எந்தத் தெருவில் நின்று என்று அவள் கேட்டாள். தர்க்க நூல்களில் அது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதைய சண்டை கூத்து வாத்தியாரோடு. மேல்மலையனூர் அங்காளம்மன் மேல் புதிதாக ஒரு பாட்டுத் தொகுப்பு வந்திருக்கிறது. அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகும் பேருந்துகளிலெல்லாம் அதுதான். பாடுகிற அம்மாவின் குரலில் குறை சொல்ல மாட்டேன், எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த தொண்டை. ஆனால் பம்பைக்குப் பதில் ரிதம் பேட். பம்பை இரண்டு குடம், இரண்டு பேச்சு. அடிக்கிறவன் அம்மனை வர்ணிக்கும்போது தோல் அவனோடு மூச்சு வாங்கும், வேகம் கூடும், தடுமாறும், மறுபடி பிடிக்கும். ரிதம் பேட் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே வேகம். இது கெட்ட பதிவு என்றேன்.

"போன அமாவாசைக்கு பஸ்ல இந்தப் பாட்டுக்குத்தான் ஒரு பொம்பளைக்கு அருள் வந்துது. கண்ணால பாத்தேன்" என்றார் வாத்தியார். "சாமிக்கே புடிச்சிருக்கு, நயினாருக்குப் புடிக்கலையாம்!"

கடை முழுதும் சிரித்தது. நானும்தான். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல இது. பக்திப் பாட்டின் வேலை சாமியை வரவழைப்பது என்றால், வேலை முடிந்துவிட்டது. அதற்குமேல் தோலா பிளாஸ்டிக்கா என்று பேசுவது யாருக்கு? நான் நயத்தை எடுத்தேன்: அழைப்பாக அது பலித்தது, ஒலியாக அது கெட்டது. வாத்தியார் விடவில்லை. "பலிச்சப்புறம் என்ன கெட்டது?" பாய் கஸ்ஸாலியை எடுத்துக் கொடுத்தார்: அருள் அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே இருந்தது, பாட்டு கிளறியது. அப்படியானால் பேருந்தின் ஹார்ன்கூடக் கிளறுமா என்று கேட்டார் புலவர் ஐயா. நல்ல கேள்வி.

அப்போது நான் சொன்னது மகாவீரர் கதை. முழு ஞானம் அடைந்தபிறகும் அறுபத்தாறு நாள் அவரிடமிருந்து ஒலி எழவில்லை என்பது எங்கள் திகம்பர மரபு. தேவர்கள் வந்து காத்திருந்தார்கள், சபை கூடியிருந்தது, ஒலி இல்லை. ஏற்கத் தகுந்த செவி இன்னும் வரவில்லை. பிறகு எழுந்த திவ்யத்தொனி உதடு அசையாமல், சொல் பிரியாமல் எழுந்தது. மனிதரும் விலங்கும் அவரவர் மொழியில் அதைக் கேட்டார்கள்.

"பாத்தீங்களா, அவரவர் மொழி. உங்க வாயாலயே வந்துடுச்சு" என்றார் வாத்தியார். "அப்ப மகாவீரருக்கே ஆள் வேண்டியிருந்துதா?"

வேண்டியிருந்தது. ஆனால் வந்தது யார் என்பதுதான் விஷயம். இந்திரபூதி கௌதமர், வேதம் கற்ற அந்தணர். வணங்க வரவில்லை. பொருள் விளங்காத ஒரு செய்யுளைக் கொண்டுபோய்க் கொடுத்து இந்திரன் அவரை இழுத்து வந்தான். வாதம் செய்து மடக்கிவிடலாம் என்று வந்தார். விபுல மலையில் அவர் வந்து நின்றபிறகுதான் ஒலி எழுந்தது. காத்திருந்த சபையில் தலையாட்டுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களுக்காக அது எழவில்லை.

வாத்தியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, அந்தப் பாட்டுங்கள்ல எந்தப் பாட்டு, எந்த எடம்னு சொல்லுங்க. பொத்தாம்பொதுவா ரிதம் பேடுன்னு சொல்லக் கூடாது" என்றார். மூன்றாவது பாட்டு, மயானக் கொள்ளை வர்ணிப்பு, இரண்டாவது சரணம் முடிந்து அந்த அம்மா மூச்சை இழுக்கும் இடம் என்றேன். பம்பைக்காரன் இருந்திருந்தால் அந்த மூச்சுக்காக அரை மாத்திரை காத்திருப்பான். பேட் காத்திருக்கவில்லை, அடுத்த வரியில் அவர் பின்தங்கித்தான் பிடிக்கிறார். வாத்தியார் போனை எடுத்து அந்த இடத்துக்கு ஓட்டினார். ஒருமுறை கேட்டார், இன்னொரு முறை கேட்டார். மூச்சு இருக்கிறது, ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அருள் வந்தது அதே இடத்தில்தான் என்கிறார்.